எங்கள் வரியைத் திருப்பித் தராதீர்கள்

எனக்கு வயது எண்பத்தாறு. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. (கணக்கு சரிதான். மற்ற இரண்டும் என் நாத்தனார் பிள்ளைகள். அவள் சின்ன வயதிலேயே போய்விட்டாள்.) ஆறு பேரையும் தாராவியில் ஒரே அறையில் வைத்து ஆளாக்கினேன். அவர்களில் ஒருவர்கூட இன்று வரைக்கும் யாரிடமும் அவமானப்பட்டதில்லை. அதற்கும் சேர்த்து நான் ஒரே நாளில் பட்டுவிட்டேன்.

சர்க்காரிடம் போய் என் பணத்தைக் கொடு என்று சண்டை போட்டவர்கள் ஊரில் ஏராளம் இருப்பார்கள். பணத்தைக் கொடுக்காதே என்று சண்டை போட்டவள் நான் ஒருத்திதான் என்று என் மூத்தவன் சொல்லுவான். அதுவும் வருமான வரி ஆபீசில். அதுவும் கலியாணப் பட்டைக் கட்டிக்கொண்டு.

எனக்கு எழுத்து பெரிதாக வராது. பள்ளிக்கூடம் போனதில்லை. பிள்ளைகள் சிலேட்டில் எழுதும்போது எதிரே உட்கார்ந்து மாவு அரைத்துக்கொண்டே பார்த்துப் பழகினது. (அதனால் ரொம்ப நாள் எனக்கு எழுத்தெல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். யாராவது புத்தகத்தைத் திருப்பிப் பிடித்தால்தான் வாசிப்பேன்.) ஆகையால் மெதுவாகத்தான் எழுதுகிறேன்.

பம்பாயில் டிராம் வண்டி நின்றுபோய் ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். எங்கள் வீட்டுக்காரர் வடாலாவில் ஒரு பட்டறையில் இரும்பு கடையும் லேத்து மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். கை சுத்தம், வேலை சுத்தம். பங்குனி கடைசியில் ஒரு திங்கட்கிழமை சோற்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனவர் பத்து மணிக்கெல்லாம் திரும்பி வந்துவிட்டார். பட்டறையில் பூட்டு. மெஷின்களை ஞாயிற்றுக்கிழமையே லாரியில் ஏற்றிவிட்டார்களாம்.

வேலை போனது யாருக்கும் தெரியக்கூடாது என்று முடிவு செய்தேன். அவர் செய்யவில்லை, நான் செய்தேன். மறுநாள் காலையில் எப்போதும்போல டப்பாவைக் கட்டிக் கையில் கொடுத்தேன்.

"எங்க போவேன்?" என்றார்.

"எங்கயாவது போங்க. ஆறு மணிக்கு வாங்க."

அவரும் போனார். வடாலா ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், இல்லாவிட்டால் பட்டறை பட்டறையாக ஏறி இறங்குவார். எட்டு மாதம். வரிசையாக ஒற்றை அறை வீடுகளாக இருக்கும் எங்கள் சாளில் யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். (சாளில் ஒரு வீட்டில் தாளித்தால் என்ன தாளித்தது என்று பத்து வீட்டுக்குத் தெரியும். நான் மட்டும் ரகசியம் காத்தேனாம்.)

இந்த இடத்தில் எங்கள் ஊர் வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் செய்தது வெறும் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். சொன்னாலும் அப்படித்தான் தெரியும், ஆனாலும் சொல்லுகிறேன்.

திருநெல்வேலிச் சீமையில் அம்மன் கோயில் திருவிழாவுக்கு, கொடை என்போம், வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். பணக்காரன் ஏழை எல்லாருக்கும் ஒரே வரிதான். வரி கொடுத்த வீட்டுக்குத்தான் கொடையில் பங்கு. பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தேங்காய் முறியும் கறிச்சோறும் கொடுப்பார்கள். வரி கொடுக்காதவன்மேல்கூட ஊருக்குக் கோபம் இல்லை, அடுத்த மாதம் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஊருக்குக் கோபம் வந்தால் வேறு காரியம் செய்யும். கொடுத்த வரியைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிடும். அவ்வளவுதான், அந்த வீட்டைத் தள்ளி வைத்தாச்சு என்று அர்த்தம். அதன் பிறகு நல்லதுக்கும் வரமாட்டார்கள், கெட்டதுக்கும் வரமாட்டார்கள். நான் பாவாடை கட்டின வயதில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு அப்படி நடந்தது. ஒரு வருஷம் கழித்து அந்த வீட்டுக்காரர் வெற்றிலை, தேங்காய், ஒன்றேகால் ரூபாய் தட்டில் வைத்து ஊர் முன்னால் விழுந்து, "எங்களையும் வரியில சேத்துக்கிடுங்க" என்று அழுதார். அந்த அழுகை என் காதைவிட்டுப் போகவே இல்லை.

தாராவியிலும் எங்கள் ஊர்க்காரர்கள் சங்கம் வைத்து ஆவணியில் கொடை நடத்துவோம். அந்த வருஷம் சங்கத்துப் பொருளாளர் பொன்னையா அண்ணாச்சி வரி நோட்டோடு வந்தார். பக்கத்து வீட்டில் வாங்கினார். எதிர் வீட்டில் வாங்கினார். எங்கள் வாசலுக்கு வந்ததும் நோட்டை மூடினார்.

"தங்கச்சி, இந்த வருசம் உங்களுக்கு வேண்டாம். தம்பிக்கு முதல்ல வேலை கிடைக்கட்டும். சங்கத்துல பேசியாச்சு."

சங்கத்தில் பேசியாச்சு! அறுபது வீட்டுக்காரர்கள் உட்கார்ந்து என் டப்பாவைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அந்த மனுஷர் நல்லதுக்குத்தான் சொன்னார், இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு வாசலில் காசைக் கொண்டுவந்து வைத்த மாதிரிதான் இருந்தது.

கொடை முடிந்த மறுநாள் அண்ணாச்சி வீட்டம்மா தூக்குச்சட்டியில் கறிச்சோறு கொண்டுவந்தார்கள். "வரி குடுக்காத வீட்டுக்குப் பங்கு எதுக்கு மைனி?" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். உள்ளே நாலு பிள்ளைகளும் (மற்ற இரண்டும் பிறகு வந்தவை) வாசம் பிடித்துக்கொண்டு நின்றன. 

கார்த்திகையில் அம்மன் கண் திறந்தாள். செம்பூர் பக்கம் ஒரு பெரிய ஃபேக்டரியில் இவருக்கு வேலை கிடைத்தது. புகைபோக்கி எங்கள் சாள் மொட்டைமாடியில் நின்றாலே தெரியும். பழைய பட்டறையைவிட நல்ல சம்பளம், மேலே ஓவர்டைம். சேரும்போது ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். இவர் தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே கேட்டார்.

"பழைய வேலையை எப்ப விட்டேன்னு கேக்கான். எட்டு மாசம் முந்தின்னு போடவா?"

"ஏன் போடுதிய? எட்டு மாசம் சும்மா கிடந்த ஆளுன்னா கை மடங்கிப் போச்சுன்னு நினைப்பான். போன வாரம் வரைக்கும் வேலைக்குப் போனேன்னு போடுங்க."

"பொய்யில்லா அது?"

"என்ன பொய்? தினம் டப்பா தூக்கிட்டுப் போனியளா இல்லையா?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நான் சொன்னபடியே எழுதினார்.

அந்தப் பொய்க்குச் சீக்கிரமே கூலி வந்தது. முதல் சம்பளச் சீட்டில் ஒரு பெரிய தொகையைக் கழித்திருந்தார்கள். "இது என்ன?" என்று கேட்டேன். "இன்கம்டாக்ஸ். சர்க்காருக்கு வரி" என்று இவர் முகத்தைத் தொங்கப் போட்டார்.

என் முகம் எப்படி இருந்தது என்று அவரைக் கேட்டால் சொல்லியிருப்பார். கொடையில் பேர் வாசித்த மாதிரி பூரித்துப் போனேன். சங்கம் வரி வாங்கமாட்டேன் என்றது. சர்க்காரே கேட்டு வாங்குகிறது! மறுநாள் காலையில் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுச் சத்தமாக ஆரம்பித்தேன்.

"எங்க வீட்டுல இந்த மாசம் கொஞ்சம் இழுபறிதான். என்ன செய்ய, சர்க்காருக்கு வரி கட்டணும்லா."

பக்கத்து வீட்டுச் செல்லக்கனி மைனி குடத்தைத் தூக்கிக்கொண்டே சொன்னாள்: "சம்பளத்துல பிடிச்சதுக்கு இம்புட்டு சந்தோசப்படுத ஆளை நான் பாத்ததில்ல தாயி. இன்னும் கொஞ்சம் பிடிக்கச் சொல்லேன்."

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். பங்குனி வரைக்கும் மாதாமாதம் பிடித்தார்கள். அந்தச் சீட்டுகளை மடித்துத் தாலி டப்பாவில் வைத்தேன்.

வேலை இல்லாத காலத்தில் நான் மாட்டுங்காவில் ஒரு வீட்டுக்குக் காலையில் போய் இட்லி மாவு அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இவருக்கு வேலை கிடைத்த பிறகும் விடவில்லை. அந்த வீட்டு மாமா ஒரு ஆபீசில் கணக்குப் பார்க்கிறவர். ஒரு நாள் பெருமை தாங்காமல் சீட்டுகளைக் கொண்டுபோய் அவரிடமே காட்டினேன்.

மாமா கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். பிறகு கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிப் பார்த்தார்.

"பேச்சியம்மா, உன் ஆத்துக்காரர் எப்போ சேர்ந்தார்?"

"கார்த்திகையில, ஐயா."

"அதுக்கு முன்னாடி?"

நான் ஆட்டுக்கல்லைப் பார்த்தேன். உள்ளேயிருந்து மாமி குரல் வந்தது: "எட்டு மாசம் வேலை இல்லாமதானே இருந்தார்! இவ அழுத அழுகையில மாவே நீர்த்துப் போச்சே!" (மாமியிடம் ரகசியம் சொன்னால் மாட்டுங்கா முழுக்கக் காற்று கொண்டுபோகும்.)

"அப்போ சரியாப்போச்சு," என்றார் மாமா. "இவா உன் ஆத்துக்காரர் வருஷம் பூரா சம்பளம் வாங்கினதா வச்சுண்டு, அத்தனைக்கும் சேர்த்து இந்த நாலு மாசத்துல பிடிச்சிருக்கா. அவர் நிஜமா வாங்கினது நாலு மாசச் சம்பளம்தான். அதுக்கு வரியே கிடையாது. வாங்காத சம்பளத்துக்கு வரி கட்டிண்டிருக்கே! ஒரு ஃபாரம் போட்டா அத்தனையும் திரும்ப வந்துடும்."

"வேண்டாம் ஐயா. இருக்கட்டும்."

"என்னது?"

"வரியைத் திருப்பி வாங்குத வழக்கம் எங்களுக்கு இல்ல."

மாமா மாமியைப் பார்த்தார், மாமி மாமாவைப் பார்த்தாள். "சரிம்மா, உன் இஷ்டம்" என்றார்.

அந்தச் "சரி"யை நான் நம்பினேன். மறு ஞாயிற்றுக்கிழமை காப்பி மெஷின் கைப்பிடி சரியில்லை என்று இவரைக் கூப்பிட்டனுப்பினார். இவர் போய் மூன்று மணி நேரம் கழித்து வந்தார். ஒரு கைப்பிடிக்கு மூன்று மணி நேரமா என்று கேட்டேன். "நுணுக்கமான வேலை" என்றார். இரண்டு பேரும் உட்கார்ந்து வரி ஃபாரம் எழுதியது எனக்கு நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அது ஆடி மாதம். கொடைக்கு வரி பிரிக்கத் தொடங்கும் நேரம். இந்த வருஷம் அண்ணாச்சி கேட்பதற்கு முன்பே போய்க் கொடுத்துவிட வேண்டும் என்று பணத்தை முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். தபால்காரர் ஒரு நீளக் கவரோடு வந்தார். மராட்டிக்காரர், நல்ல மனுஷர், எல்லார் வீட்டு நல்லது கெட்டதிலும் பங்கெடுக்கிறவர். பிரித்துக் காட்டச் சொன்னேன். பார்த்துவிட்டுக் குஷியில் சாள் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்:

"பாயி! டாக்ஸ் கா பைசா வாபஸ் ஆயா! வாபஸ்!" வரிப் பணம் திரும்பி வந்துவிட்டதாம்.

பன்னிரண்டு கதவு திறந்தது. செல்லக்கனி மைனி எட்டிப் பார்த்து, "என்ன தாயி, சர்க்காரும் வேண்டாம்னுட்டானா?" என்றாள்.

அவள் சும்மா கேலிக்குச் சொன்னது. நான் கவரைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். போன வருஷம் சங்கம், இந்த வருஷம் சர்க்கார். நாளைக்கு அண்ணாச்சி காதில் விழுந்தால்? சர்க்காரே தள்ளி வைத்த வீட்டுக்குக் கொடையில் எந்த வரிசையில் இடம்? இவரோ ஷிஃப்டில் இருக்கிறார். அவர் வருவதற்குள் இதைச் சரி பண்ணிவிட வேண்டும்.

தள்ளி வைத்தவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரியுமே. கலியாணப் பட்டைக் கட்டினேன். பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஒன்றேகால் ரூபாய் வைத்து மேலே துண்டைப் போட்டேன். வரி ஆபீஸ் சர்ச்கேட் பக்கம் என்று தபால்காரரைக் கேட்டுக்கொண்டு, மாகிம் ஸ்டேஷனுக்குப் போய் சர்ச்கேட் வண்டியில் ஏறினேன்.

லேடீஸ் டப்பாவில் எல்லாரும் என் தட்டைப் பார்த்துக் கும்பிட்டு இடம் விட்டார்கள். மகாலட்சுமி ஸ்டேஷன் வந்ததும், கோயிலுக்குப் போகிறவள் என்று நினைத்து நாலைந்து பேர் சேர்ந்து, "உத்ரோ பாயி, உத்ரோ! மந்திர் ஆ கயா!" என்று என்னைப் பிடித்து இறக்கிவிடப் பார்த்தார்கள். நான் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "நஹி, நஹி, இன்கம்டாக்ஸ்!" என்று கத்தினேன். அதற்குப் பிறகு என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

அந்த ஆபீஸ் வாசலில் பியூன் துண்டை விலக்கித் தேங்காயைப் பார்த்தான். ஏதோ பூஜை என்று நினைத்திருக்க வேண்டும். கவரைக் காட்டினேன், மாடிக்குக் கை காட்டினான். நீளமான ஒரு அறை. இருபது மேஜை, அத்தனையிலும் மலை மாதிரி ஃபைல், கடகடவென்று டைப் மெஷின். கடைசியில் பெரிய மேஜைக்குப் பின்னால் அதிகாரி. சின்ன வயது, என்னைவிட மூன்று நாலு வயது கூட இருக்கலாம். மராட்டிக்காரர்.

நேரே போய்த் தட்டை அவர் மேஜைமேல் வைத்து, சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் விழுந்தேன்.

விழுந்த அதிர்வில் தேங்காய் தட்டைவிட்டு உருண்டது. உருண்டு போய்ச் சிவப்பு மைப் புட்டியில் மோதியது. மைப் புட்டி என் பக்கம் சாய்ந்தது. நான் எழுந்திருக்கும்போது கலியாணப் பட்டில் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் சிவப்பு. பார்த்தவர்கள் யாரோ என்னைக் குத்திவிட்டார்கள் என்று நினைத்து எழுந்து நின்றார்கள்.

அதிகாரி தட்டில் கிடந்த ஒன்றேகால் ரூபாயைப் பார்த்தார். நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "யே க்யா ஹை? ரிஷ்வத்?" என்றார்.

எனக்குத் தெரிந்த இந்தி குழாயடி இந்தி, மார்க்கெட் இந்தி. அந்த வார்த்தை மார்க்கெட்டில் கேட்டதில்லை. பெரிய மனுஷர் கேட்கிறார், இல்லை என்று சொல்லலாமா? "ஹாங் சாப், ஹாங்" என்று பணிவாகத் தலையை ஆட்டினேன்.

அறையில் டைப் மெஷினெல்லாம் நின்றுபோனது.

"ஞானராஜ்!" என்று கூப்பிட்டார் அதிகாரி. ஓரத்து மேஜையிலிருந்து ஒரு கிளார்க் ஓடி வந்தார். வாயைத் திறந்ததுமே நாசரேத் பக்கத்துக்காரர் என்று தெரிந்துவிட்டது. எனக்குப் பாதி உயிர் வந்தது.

"எக்கா, என்ன காரியம் பண்ணிட்டிய! லஞ்சமான்னு கேக்காரு, ஆமான்னு தலையாட்டுதிய!"

"ஐயோ தம்பி, லஞ்சமில்ல! வரியைத் திருப்பி அனுப்பிட்டாங்க. நாங்க என்ன தப்பு செஞ்சோம்? எங்களையும் வரியில சேத்துக்கிடச் சொல்லுங்க. பணத்தைத் திருப்பித் தராதிய!"

ஞானராஜ் கவரை வாங்கிப் பார்த்துவிட்டுப் போய் ஒரு ஃபைலை எடுத்து வந்தார். "எக்கா, இதுல தப்பு ஒண்ணும் இல்ல. உங்க வீட்டுக்காரரு எட்டு மாசம் வேலை இல்லாம இருந்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரு. அதனால—"

அவர் முடிக்கவில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டாரா! அதுவும் இருபது மேஜைக்காரர்கள் முன்னால் இந்தத் தம்பி அதை வாசிக்கிறதா! எனக்குள் இருந்த குழாயடிப் பேச்சியம்மா எழுந்துவிட்டாள்.

"யார் சொன்னா? எங்க வீட்டுக்காரரு ஒரு நாள்கூட சும்மா இருந்தவரு இல்ல. வருசம் பூரா வேலைக்குப் போனாரு. தினம் காலையில நானே டப்பா கட்டிக் குடுத்தேன். அம்மன்மேல சத்தியம்!"

ஞானராஜ் முகம் செத்துப்போனது. "க்யா போலி?" என்ன சொன்னாள் என்று கேட்டார் அதிகாரி. ஞானராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னார். அதிகாரி பேனாவை மூடிக் கீழே வைத்தார். அந்தச் சின்னச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

"எக்கா," என்று குரலைத் தாழ்த்தினார் ஞானராஜ், "அவரு வருசம் பூரா வேலை பாத்தாருன்னா, இந்த மனு பொய்யாயிருது. பொய் மனு குடுத்துப் பணம் கேட்டதா ஆயிரும். சாப் இப்ப ஃபேக்டரிக்கு லெட்டர் போட்டு விசாரிக்கணும்ங்காரு."

ஃபேக்டரிக்கு லெட்டர். அங்கே இருக்கிற ஃபாரத்தில் போன வாரம் வரைக்கும் வேலை பார்த்தேன் என்று எழுதியிருக்கிறது. நான் எழுத வைத்தது. இங்கே எட்டு மாதம் என்று எழுதியிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த வேலை அன்றைக்கே போய்விடும். மறுபடி வடாலா பெஞ்சு. மறுபடி டப்பா. என் மானத்தைக் காப்பாற்ற வந்து அவர் வேலைக்கு நானே உலை வைத்துவிட்டேன்.

மையும் கண்ணீரும் ஒன்றாக வழிய, எல்லாவற்றையும் சொன்னேன். பட்டறையில் பூட்டு விழுந்தது, டப்பா கட்டிக் கொடுத்தது, சங்கம் வரி வேண்டாம் என்றது, கறிச்சோறு, ஃபாரத்தில் என் பொய், எல்லாம். "பொய்யெல்லாம் என்னுது தம்பி. அவரு எழுதினது நிஜம். அவரை ஒண்ணும் செய்யாதிய."

ஞானராஜ் அதை இந்தியில் நாலே வார்த்தையில் சொன்னார். எனக்கு அது போதாது என்று பட்டது.

"தம்பி, கறிச்சோத்தைத் திருப்பி அனுப்பினதைச் சொன்னியளா?"

"அது வரிக் கணக்குல வராதுக்கா."

"வரும். சொல்லுங்க."

சொன்னார்.  அதிகாரி என்னையே பார்த்து மெதுவாகக் கேட்டார். ஞானராஜ் தமிழில் சொன்னார்: "அந்த எட்டு மாசமும் டப்பாவுல என்ன வச்சியன்னு கேக்காரு."

இதை நான் அது வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. "முதல்ல சோறு வச்சேன். கடைசி ரெண்டு மாசம் பாதி நாள் ஒண்ணும் இல்ல. காலி டப்பா ஆடிச் சத்தம் போடக்கூடாதுன்னு உள்ள பழைய துணி வச்சேன்."

 ஞானராஜ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு அதைச் சொன்னார்.

அதிகாரி ஃபைலை மூடினார். அவர் சொல்லச் சொல்ல ஞானராஜ் எனக்குச் சொன்னார். லெட்டர் ஒன்றும் போகாது. சம்பளம் இல்லாத எட்டு மாதத்துக்குச் சர்க்கார் வரி வாங்கக்கூடாது, அது சட்டம், அதனால்தான் திருப்பித் தருகிறது. தள்ளி வைக்கவில்லை. "நம்ம ஊர்ல திருப்பித் தந்தா வெட்டிவிடுததுன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதாக்கா? எங்க வேதக் கோயில் அசன விருந்துக்கும் வீட்டுக்கு இவ்வளவுன்னுதான். ஆனா சர்க்காருக்கு இது வேற. இந்த வருசம் அவரு முழுசா வேலை பாக்காருல்லா? கண்டிப்பாப் பிடிப்பாங்க."

"சத்தியமாப் பிடிப்பியளா?"

ஞானராஜ் இதை இந்தியில் சொன்னதும் இருபது மேஜையும் சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார். "ஹர் மஹீனா!" என்றார். மாதாமாதம். அந்த ஆபீசில் இப்படி ஒரு உறுதியை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வந்தவள் நான் ஒருத்திதான் என்று ஞானராஜ் சொன்னார்.

ஒன்றேகால் ரூபாயை அதிகாரி என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். தேங்காயை எடுத்து ஒரு நிமிஷம் உருட்டிப் பார்த்தார். சாமிக்கு என்று கொண்டுவந்த நாரியலைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று சொல்லி, பியூனைக் கூப்பிட்டு உடைக்கச் சொன்னார். அவன் மாடிப்படிக் கல்லில் உடைத்துச் சில்லு சில்லாகக் கீறி, ஒரு பழைய ஃபைல் அட்டையில் வைத்து மேஜை மேஜையாகக் கொண்டுபோனான். முதல் சில்லை எனக்குத்தான் கொடுத்தான். ஒரு கொடை தவறிப்போன பிறகு நான் வாங்கின பங்கு அது.

சாயங்காலம் இவர் வந்தார். சிவப்பு வழிந்து கிடந்த சேலையைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"எங்கட்டி போனே?"

"வரி ஆபீசுக்கு."

ஒன்றுவிடாமல் சொன்னேன். ஃபேக்டரி ஃபாரத்தைப் பற்றிப் பயந்ததையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அதை நான் சித்திரையிலயே சொல்லிட்டேனே" என்றார். மாமா எழுதிய ஃபாரத்தோடு வைக்க வருஷச் சம்பளத்துக்கு ஒரு சர்டிபிகேட் கேட்டு வாங்கப் போனபோது, ஃபேக்டரிக் கணக்கு அதிகாரியிடம் நேராகவே சொல்லிவிட்டாராம், எட்டு மாதம் வேலை இல்லாமல் இருந்தேன், வெட்கப்பட்டுப் பொய் எழுதிவிட்டேன் என்று. வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னாராம். அந்த அதிகாரி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "லேத்து நல்லா ஓட்டறீர், அது போதும்" என்று திருத்தி எழுதிக்கொண்டாராம். வெட்கப்பட்டு எழுதினேன் என்றாராம். பெண்டாட்டி எழுத வைத்தாள் என்று சொல்லவில்லை.

பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. "சத்தியமாப் பிடிப்பியளான்னா கேட்டே?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். பட்டறையில் பூட்டு விழுந்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை. ஒரு பட்டுச்சேலை போனால் போகிறது.

அந்தப் பணத்தில் இரண்டு வருஷக் கொடை வரியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு பொன்னையா அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். போன வருஷத்து வரி வேண்டாம் என்று அவர் வாயைத் திறந்தார். "வாங்கலேன்னா தட்டோட வந்து விழுந்துருவேன் அண்ணாச்சி" என்றேன். கதை ஏற்கெனவே அவர் காதுக்குப் போயிருந்தது. வீட்டில் மைப் புட்டி ஏதும் இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, சட்டென்று வாங்கிக்கொண்டார். அந்த ஆவணியில் இவர் பேரைக் கூப்பிட்டார்கள். கறிச்சோற்றைப் பிள்ளைகள் நாலும் சட்டியை வழித்துத் தின்றன. நான் முதலில் அண்ணாச்சி வீட்டு மைனிக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

இன்றைக்கு மாட்டுங்கா மாமா இல்லை, மாமி இல்லை. ஞானராஜ் தம்பி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக் கொண்டு வருவார், அவரும் போய்விட்டார். அந்த அதிகாரி பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. இவர் போயும் பதினைந்து வருஷமாயிற்று. வேலை பார்த்த கடைசி மாதம் வரைக்கும் வரி கட்டினார். அதைத் திட்டி அவர் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. இவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், ஆனால் ஒருத்தரும் என்னைச் சிறுமைப்படுத்தவில்லை. இந்த ஊர் எனக்குக் கொடுத்ததில் பெரியது அதுதான்.

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யாருக்காவது டாக்ஸ் பணம் திரும்பி வந்தால் முதலில் எனக்குத்தான் போன் வரும்: "ஆச்சி, என்னைத் தள்ளி வச்சிட்டாங்க!" நானும், "தட்டை எடுத்து வை, சேலையைக் கட்டிட்டு வாரேன்" என்பேன். சிவப்புக் கறையோடு அந்தப் பட்டு பெட்டியில் இருக்கிறது.

போன வாரம் நவி மும்பை சான்பாடாவிலிருந்து பேத்தி செல்வி போன் பண்ணி அதையே சொல்லிச் சிரித்தாள். அவள் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டதால் ஏழு மாதம் வேலை இல்லாமல் இருந்து, இப்போதுதான் வேறு இடத்தில் சேர்ந்திருக்கிறாள். ஏழு மாதமும் தினம் காலையில் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு எங்கேயோ போய்வந்தாள் என்று எனக்குத் தெரியும். நடுவில் அவள் வீட்டில் போய் இருந்தேன், பை அவ்வளவு லேசாக ஆடினால் எனக்குத் தெரியாதா? நான் ஒன்றும் கேட்கவில்லை. அவள் இங்கே வந்ததும் கையில் கொடுக்கத்தான் இதை எழுதினேன்.

அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். எனக்கும் அப்படித்தானே வந்தது.

செல்வி, இங்கன வா. பையைக் கீழே வை. இதை முதலிலிருந்து வாசி, கேட்போம். அவசரம் இல்லை.